கொரோனா கணக்கில் வராத குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனாதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு அதைக் கிளற வேண்டும் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். சரிதான், ஆனால் இரண்டாவது அலையின்போது பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

2021 மே மாதம். ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பத்து நாளைக்கு முன்னால் காய்ச்சல் வந்து தானாகவே விட்டுப்போச்சு, நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை வயிறு முழுக்க வைத்துப் பார்த்தேன், அவளுடைய துடிப்புதான் கேட்டது. இறந்தே பிறந்த அந்தக் குழந்தைக்கு எடை சரியாக இருந்தது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்தபோதுதான் திகைத்துப்போனேன். கருஞ்சிவப்பாக, தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்க வேண்டியது வெளிறிப்போய்க் கெட்டியாகக் கிடந்தது. என் சர்வீஸில் அப்படிப் பார்த்ததில்லை. அன்றிருந்த நெரிசலில் அதைப் பரிசோதனைக்கு அனுப்ப யாருக்கு நேரம்? பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினோம்.

அதே வருடத் தொடக்கத்தில் அயர்லாந்து மருத்துவர்களும் இதே மாதிரி நஞ்சுக்கொடிகளைப் பார்த்திருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். கொரோனா கிருமி குழந்தையைத் தொடவே வேண்டாம், நஞ்சுக்கொடியைக் கெடுத்தாலே போதும், குழந்தைக்கு ஆக்சிஜன் போகாது. அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்ததில், டெல்டா வகை (நம் இரண்டாவது அலையில் பரவிய கொரோனா வகை) பரவிய காலத்தில் தொற்றுள்ள தாய்மாருக்குக் குழந்தை இறந்து பிறப்பது மற்றவர்களைவிட சுமார் 4 மடங்கு இருந்தது. நம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொற்று வந்த 1,530 கர்ப்பிணிகளையும் பிரசவித்த பெண்களையும் பார்த்ததில், முதல் அலையில் 0.7 சதவீதமாக இருந்த தாய் இறப்பு இரண்டாவது அலையில் 5.7 சதவீதம்.

தடுப்பூசியோ 2021 ஜனவரி 16-லேயே வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலை 2-இல்தான். சோதனைக் கட்டத்தில் அவர்களைச் சேர்க்கவே இல்லை, அதனால் தரவு இல்லை, தரவு இல்லாததால் ஊசி இல்லை. அனுமதி வருவதற்குள் அலையின் உச்சம் முடிந்துபோனது. அப்புறம் வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால், 'வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க' என்று மாமியார்கள் திருப்பிக் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

அரசு அறிவித்த கொரோனா மரண எண்ணிக்கையில் இறந்தே பிறந்த பிள்ளைகள் சேரவே இல்லை. அன்றைக்கு வந்த அந்தப் பெண் இப்போது அடுத்த குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுகூட முதலில் கேட்டது, 'அன்னிக்கு அந்தக் காய்ச்சலாலதானா மேடம்?' என்றுதான்.

நம் மாநிலத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் என்ற பதிவு எண் கொடுக்கிறோம். கொரோனா டெஸ்ட் முடிவுகளில் போன் நம்பர் இருக்கிறது. இரண்டையும் பிரசவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு போட்டால் போதும். டெஸ்டே எடுக்காதவர்கள் விட்டுப்போவார்கள்தான், இருந்தாலும் கொஞ்சமாவது தெரியவரும். பழைய பதிவேடுகளைக் கழித்துக்கட்டுவதற்குள் இதைச் செய்யச் சொல்லி சுகாதாரத் துறையை உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்