தூக்கிய ஜாக்கியும் தாங்கவில்லை, முட்டுக் கொடுத்த ஸ்டாண்டும் தாங்கவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள் (முதலாளியிடமும் தயவுசெய்து காட்டவும்)

பொருள்: காரைத் தூக்கும் 3 டன் ட்ராலி ஜாக்கி, தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டு செட் பற்றிய புகார். இது ஐந்தாவது முறை.

ஐயா, வணக்கம்.

ஆறு வாரமாக உங்களோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் வந்தது ஒரே பதில்: 'உங்கள் கருத்துக்கு நன்றி'. அதுவும் கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது. உங்கள் நிறுவனத்தைத் தமிழர் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் உங்களிடம் வாங்கினேன். அதனால் இந்தத் தடவை தமிழில் எழுதுகிறேன். யாராவது ஒரு மனிதர் உட்கார்ந்து முழுசாகப் படித்தால் போதும்.

ரசீது நகலை இணைத்திருக்கிறேன். ஜாக்கியும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் சேர்த்து 268 சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்றீர்களே, அந்தச் சிவப்பு செட்தான். உங்கள் சரக்கு உங்களுக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் துவாஸ் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் தூக்கம் வருவதில்லை.

உங்கள் தொலைபேசியில் பேசிய பெண் 'பொருளைத் துவாஸ் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள், அங்கே டெஸ்ட் பண்ணுவார்கள்' என்றார். துவாஸ் தீவின் மேற்குக் கோடி, நான் இருப்பது வடக்கே ஈசூனில். ஜாக்கியின் எடை 34 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஜூரோங் ஈஸ்ட் போய், மாறி, துவாஸ் லிங்க் வரை போக முடியுமா? என் கார் அப்போது ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அது ஏன் கிடந்தது என்று பிறகு சொல்கிறேன். ஒரு நாள் லீவு போட்டு, தனியார் வாடகை கார் பிடித்தேன். ஜாக்கியிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று ஓட்டுநர் ஏற்ற மறுத்தார். கீழே மூன்று பிளாஸ்டிக் பை விரித்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். போக 38 வெள்ளி, வர 41 வெள்ளி.

பகல் 11.50க்குப் போய்ச் சேர்ந்தேன். 12 மணிக்குச் சாப்பாட்டு நேரம், 2 மணிக்கு வாருங்கள் என்று கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உட்கார ஒரு நாற்காலி இல்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் ஜாக்கியைக் காவல் காத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணிக்குக் கவுண்டரில் ஒரு இளைஞர். நம் தமிழ்ப் பையன்தான். பெயர் அட்டை போட்டிருக்கவில்லை, அதனால் பெயர் தெரியவில்லை. ஜாக்கியைத் தரையில் வைத்து, வெறுமனே பத்துத் தடவை பம்ப் அடித்தார். 'ஏறுதே அங்கிள், நல்லாத்தானே இருக்கு' என்றார். அவ்வளவுதான் உங்கள் டெஸ்ட்!

சுமை ஏற்றாமல் ஜாக்கியைச் சோதிப்பது என்ன சோதனை? சுமை இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய்க்கு அழுத்தம் மிகக் குறைவு. எண்ணெயைத் தடுக்கும் சீல் கிழிந்த ஜாக்கிகூட வெறுமனே ஏறி நிற்கலாம். முக்கால் டன் மேலே உட்கார்ந்தால்தானே கசிவது தெரியும்? இதை நிதானமாகத்தான் அவரிடம் சொன்னேன். கைபேசியில் எடுத்து வைத்திருந்த வீடியோவையும் நீட்டினேன். அவர் தன்னுடைய கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: 'அங்கிள், உங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்கு? ஒர்க்‌ஷாப்ல விட வேண்டியதுதானே. யூஸ் பண்ணத் தெரியாம யூஸ் பண்ணா இப்படித்தான் ஆகும்.'

ஐயா, நான் 26 வருடம் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்க்கிறவன். செயின் பிளாக், ஹைட்ராலிக் ஜாக்கி எல்லாம் கையில் பழகியவை. தொங்குகிற சுமைக்குக் கீழே கையை நீட்டாதே என்பதுதான் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். என்னைப் பார்த்து, என் மகன் வயதுப் பையன், வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது, உனக்குத் தெரியாது என்கிறார். கடைசியில் 'அட்டைப்பெட்டி இல்லாமல் திரும்ப வாங்க முடியாது, வேண்டுமானால் ஊபி கிளையில் கேளுங்கள்' என்று அனுப்பிவிட்டார். ஊபியில் போய்க் கேட்டால், திரும்ப வாங்குவது துவாஸில் மட்டும்தானாம்.

சரி, என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி கார்பார்க்கில் இந்த வேலையெல்லாம் செய்ய முடியாது. அதனால் செம்பவாங்கில் என் மாமனாரின் தரைவீட்டில், போர்ச்சில் வைத்துத்தான் செய்வேன். சமமான சிமெண்டுத் தரை, சரிவு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் டொயோட்டா ஆல்டிஸுக்கு முன் பிரேக் பேடு மாற்றத் தொடங்கினேன். கியர் 'பி'யில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தினேன். முன்பக்கம் தூக்குவதற்கென்று கார் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில்தான் ஜாக்கியை வைத்தேன். புது ஜாக்கி என்பதால் முதல் நாளே ஜாக்கியை இறக்கும் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பதினைந்து தடவை பம்ப் அடித்து எண்ணெயில் சிக்கிய காற்றையும் எடுத்திருந்தேன். இதில் எது எனக்குத் தெரியாமல் செய்தது?

தூக்கி முடித்து ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கார் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மறுபடி பம்ப் அடித்து ஏற்றி, ஸ்டாண்டு இரண்டையும் கதவுக்குக் கீழே ஓடும் அடிவிளிம்பில், கெட்டித் தகடு இருக்கும் இடமாகப் பார்த்து வைத்து, மெதுவாக இறக்கினேன். வழக்கம்போல் பக்கவாட்டில் கையால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகுதான் இடது சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிய சக்கரத்தை அடிவிளிம்புக்குக் கீழே படுக்க வைத்தேன். அது என் பழக்கம். முட்டு தவறினாலும் கார் தரைக்குப் போகக் கூடாது என்பதற்காக.

அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டை ஸ்பேனர் போட்டுத் திருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம். இடது பக்க ஸ்டாண்டில், ஏறி இறங்கும் கம்பியின் பல்லை மாட்டிப் பிடிக்கும் கொக்கி விட்டுவிட்டது. கம்பி சரசரவென்று உள்ளே இறங்கி, கார் அந்தச் சக்கரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அடிவிளிம்பு நசுங்கியது, ரிம்மில் ஆழமாகக் கீறல். அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் என் மகன் அதே இடத்தில் கையை நீட்டி, உருண்டுபோன நட்டு ஒன்றை எடுத்தான். அவனுக்கு 17 வயது. அவன் கையை நினைத்தால் எனக்கு இப்போதும் குலை நடுங்குகிறது. என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

உடனே வேலையை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் ஓடி வந்து தன் பழைய ஜாக்கியையும், துளையில் குறுக்குக் கம்பி சொருகிப் பூட்டுகிற பழைய ஸ்டாண்டுகளையும் கொடுத்தார். அதில் நிறுத்தித்தான் வேலையை முடித்தேன். அன்று மாலை அவருடைய ஸ்டாண்டுகளைக் காவலுக்கு வைத்து, உங்கள் ஜாக்கியை மட்டும் சுமையோடு விட்டு, டேப் வைத்து அளந்தேன். 10 நிமிடத்தில் 6 செ.மீ. இறங்கியது. அந்த வீடியோவைத்தான் உங்கள் பையன் பார்க்கவில்லை.

ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு என்பதை உங்கள் ஆட்கள் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அது தெரிந்ததால்தான் இரண்டையும் சேர்த்து வாங்கினேன். நீங்கள் விற்றதில் இரண்டுமே தாங்கவில்லையே, அதற்கு என்ன பதில்? என் கார் மொத்தமே 1,300 கிலோ சொச்சம். பெட்டியில் '3 டன்' என்று போட்டிருக்கிறது. அது ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று தொலைபேசியில் மூன்று தடவை கேட்டேன். ஒருவர் ஒன்றுக்கு என்றார், ஒருவர் ஜோடிக்கு என்றார், மூன்றாமவர் போனை வைத்துவிட்டார். இது விற்கிறவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லையா?

2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதே கொக்கிப் பிரச்சினைக்காக 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்ப வாங்கினார்கள். மாற்றாகக் கொடுத்ததிலும் ஒரு பகுதியில் வெல்டிங் சரியில்லை என்று அதையும் திரும்ப வாங்கினார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் போன வாரம்கூட அதே செட் உங்கள் கடை வாசலில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

என் நஷ்டத்தைச் சொல்கிறேன். அடிவிளிம்பைத் தட்டி பெயின்ட் அடிக்க சின் மிங்கில் 650 வெள்ளி, ரிம்முக்கு 120. கார் ஒன்பது நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. இந்த ஊரில் சிஓஇ (கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்) கட்டி வைத்திருக்கும் காரை ஒரு நாள் நிறுத்தினாலும் பணம் கரைகிறது. அதோடு சாலை வரி, காப்புறுதி, மகளின் டியூஷனுக்கு வாடகை கார், என் லீவு இரண்டு நாள், வீட்டில் போன நிம்மதி. எல்லாம் கூட்டினால் 5,000 வெள்ளிக்குக் குறையாது. அவ்வளவையும் நான் இப்போது கேட்கவில்லை. நாகரிகமாக முடிந்தால் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் கேட்பது இவைதான். செட்டின் விலை 268 வெள்ளியும், கார் பழுதுக்கான 770 வெள்ளியும், துவாஸ் போய்வந்த 79 வெள்ளியும் திரும்ப வேண்டும். ஸ்டாண்டின் எடை அளவு ஒன்றுக்கா ஜோடிக்கா என்று எழுத்தில் பதில் வேண்டும். நீங்கள் சோதித்து முடிக்கும்வரை அந்த செட்டைக் கடையிலிருந்து எடுத்து வையுங்கள். அதை வாங்கிப்போன மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அப்புறம், அந்தக் கவுண்டர் பையன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, மன்னிப்பு மட்டும் போதும்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் ஒரு மனிதரிடமிருந்து பதில் வரவில்லையென்றால், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் பதிவு செய்வேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீலும் தேவையில்லை. அப்போது 5,000த்தையும் சேர்த்தே கேட்பேன். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்த குறையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நான் வாங்கி இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பயனீட்டாளர் சங்கத்துக்கும், பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வீடியோவோடு எழுதுவேன். தயவுசெய்து அதுவரை என்னை இழுக்காதீர்கள்.

ஜாக்கியும் ஸ்டாண்டுகளும் மாமனார் வீட்டு ஸ்டோரில் இருக்கின்றன. யாரும் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் உங்கள் ஆள் வேன் கொண்டு வந்து எடுத்துப் போகட்டும். நான் இன்னொரு தடவை துவாஸுக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஒர்க்‌ஷாப் பில், ஸ்டாண்டின் கொக்கி, பல் படங்கள் ஆறு, வீடியோ ஒன்று