அரை மைக்ரான் சுவர்

டேய் வாத்தியாரே,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான், திட்டுவதை நேரில் வந்து திட்டிக்கொள். அக்காவைத் தவிர எல்லோரும் நலம்.

அக்காவுக்கு நுரையீரலில் தழும்பு படர்ந்திருக்கிறது, ஃபைப்ரோசிஸ். வெறும் இருமல் என்று ஐந்து மாதம் மருந்து கொடுத்தே ஓட்டினார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஸ்கேன் பார்த்த புது டாக்டர்தான் ஒரு தாளில் படம் போட்டு, "காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர் தடித்துப்போச்சு" என்றார். உடனே, ஒரு பொருள் சவ்வைத் தாண்டிப் பரவும் வேகம் எதையெல்லாம் பொறுத்தது என்று நீ ஹாஸ்டல் சுவரில் கரியால் எழுதிவைத்த பட்டியல் என் கண்முன் வந்து நின்றது: செறிவு வேறுபாடு, பரப்பு, தடிமன், கரைதிறன், மூலக்கூறின் அளவு, வெப்பநிலை. நெட்டையன் தடிமனை மட்டும் எழுதாமல் வந்து உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானே! அன்று அது எனக்கும் ரெண்டு மார்க் சமாசாரம்தான்.

அந்தச் சுவர் நல்ல நிலையில் அரை மைக்ரான்தான் இருக்கும், ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள்ளேயே ஆக்சிஜன் சிவப்பணுவின் உள்ளே போய்ச்சேர ஐந்து செல் சவ்வுகளைத் தாண்டுகிறது. சின்ன மூலக்கூறு, மின்னூட்டம் இல்லை, கொழுப்பில் கரையும், அதனால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்றுகூடச் செலவில்லாமல் நேராக நுழைந்துவிடும். குளுக்கோஸுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, அதைக் கடத்திப் புரதம்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும், கடத்திகள் எல்லாம் நிரம்பிவிட்டால் வெளியே எவ்வளவு குவிந்தாலும் வேகம் ஏறாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்க அக்காவின் விரலில் மாட்டிய கருவி 95 காட்டுகிறது. பன்னிரண்டு படி ஏறினால் 86. முதல் நாள் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், ஓய்வில் ரத்தம் நுரையீரலின் காற்று நுண்ணறையை ஒட்டிய தந்துகியில், அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாயில், முக்கால் நொடி இருக்கிறதாம், நல்ல நுரையீரலில் கால் நொடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடும். மீதி அரை நொடி நம் எல்லோருக்கும் கையிருப்பு. சுவர் தடித்தால் அந்தக் கையிருப்பைத் தின்றுதான் ரத்தம் நிரம்ப வேண்டும். படியேறும்போது ரத்த ஓட்டமும் வேகமாகிவிட, நிரம்பும் முன்பே ரத்தம் கிளம்பிவிடுகிறது. அவள் எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது இதுதான் என் மனதில் ஓடுகிறது, அரை நொடி, அரை நொடி என்று.

இன்னொன்று, அவளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சரியாகவே வெளியேறுகிறது. ஆக்சிஜனைவிடக் கனமான மூலக்கூறு, ஆனாலும் கரைதிறன் அதிகம் என்பதால் திசுவில் ஏறக்குறைய 20 மடங்கு எளிதாகப் பரவும். அளவா கரைதிறனா என்று விடிய விடியச் சண்டை போட்டோமே, நீதான் ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன்.

தடித்த சுவரை மறுபடி மெல்லியதாக்க மருந்து இல்லை, இருக்கும் மருந்தெல்லாம் தழும்பு பரவுவதை மெதுவாக்கத்தான். நம் கையில் இருப்பது செறிவு வேறுபாடு ஒன்றுதான். காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனைக் குழாய் வழியே கூட்டிக்கொடுக்கிறோம். நேற்று குழாயோடு படியேறினாள், 91-க்குக் கீழே இறங்கவில்லை. நீ எழுதிவைத்த முதல் வரி அது, வாத்தியாரே.

அவளுடைய அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம். உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த மாதம் வா, அந்தப் படத்தை நீ வரைந்து அவளுக்குச் சொல். நான் சொன்னதில் பாதிதான் புரிந்ததாம்.