பெயர் போட வேண்டாம் என்ற வீணை அம்மாவுக்கு

ஊட்டிக்கு வந்து, தன் சாதகத்தையே (அன்றாடப் பயிற்சியையே) இசை ஆசிரியர்களுக்குப் பாடமாகத் திறந்து காட்டிய அந்தப் பல்கலைக்கழக வீணை ஆசிரியைக்கு எங்கள் நன்றி. பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை.

மேடைக்குத் தயாரான கீர்த்தனையை வகுப்பில் வாசித்தால் மாணவருக்குப் பிரமிப்புதான் மிஞ்சும். அவர் எடுத்துக்கொண்டது, தனக்கே இன்னும் கைபடியாத ஒரு தோடி ராகப் பிரயோகத்தை (சுரத் தொடரை). தோடியின் காந்தாரம் ('க') ரிஷபத்துக்கும் ('ரி') மத்திமத்துக்கும் ('ம') நடுவே அசைவது. சுரக்குறிப்பிலோ வெறும் 'க' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பாடுகிறவர் தட்டையாக நிறுத்திவிடுவார். முதலில் அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) ஓர் அசைவு என இழுத்து, மாணவரைக் கூடவே பாடச் சொல்லி, அது நின்ற பிறகே வேகத்தை இரட்டித்தார். விரல் பிசகிய இடத்தில் நிறுத்தி, கோளாறு தந்தியை இழுப்பதிலா, மீட்டுவதிலா, காலப்பிரமாணத்திலா (வேகத்திலா) என்று வாய்விட்டே ஆராய்ந்தார். எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

மலைக் குளிரையும் விடவில்லை. குளிரில் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை! (மிருதங்கக்காரர் பாடு பாவம்தான்.) ஆகவே வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அறையிலேயே விட்டு, அப்புறம் சுருதி சேர்க்க வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) விளிம்பைக் கல்லும் கட்டையும் கொண்டு தட்டி ஏற்றும்போது, சேர்ந்துவிட்டதா என்று மாணவரையே சொல்லவைக்கலாம்.

அடுத்தது பைரவி ராகம் என்றீர்களே அம்மா, குளிர் குறைந்த மாதமாகப் பார்த்து வாருங்கள்.