கூர்பேவோட குகைக்குள்ள லைட் போடாதீங்க

ஓவியப் பிரின்ட்டும் போஸ்டரும் கலைப் புத்தகமும் போடுற எல்லாருக்கும்,

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பே 1864ல வரைஞ்ச, லூ நதி வெளிய வர்ற குகையோட ஓவியங்களைப் பத்தி உங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒன்னுமில்ல, ரொம்ப காலமா வித்துட்டுதான் இருக்கீங்க. உங்கள்ல ஒருத்தர்கிட்ட ஆர்டர் பண்ண பிரின்ட் போன வாரம் வந்துச்சு. ஆசையா பிரிச்சுப் பார்த்தா குகைக்குள்ள இருட்டையே காணோம். கருப்பா இருக்க வேண்டிய இடமெல்லாம் புகை மண்டின மாதிரி சாம்பல் பூத்துக் கிடக்கு, கிட்டப்போய் பார்த்தா பச்சையும் சிவப்புமா பொடிப்பொடியா புள்ளி, கம்ப்யூட்டர்ல பிரைட்னஸை ஏத்தினா வருமே அதேதான். பத்தாததுக்கு ஃபிரேம் சைஸுக்காக மேல இருக்கிற பாறையையும் வெட்டியிருக்காங்க. தலைக்கு மேல அவ்ளோ பெரிய பாறை கவிஞ்சு நிக்கிறதுதானே அந்தப் படம்?

தயவுசெஞ்சு அந்த இருட்டை விட்டுடுங்க.

அது சரியா தெரியாம போன இடம் இல்லைங்க, அவர் வேணும்னே வச்சது. கான்வாஸ்ல முதல்லயே கருப்பா ஒரு பூச்சு பூசிட்டு, அதுமேல கத்தியால பெயின்ட்டை இழுத்து இழுத்து, வெளிச்சம் படுற இடத்தை மட்டும் மேல கொண்டுவந்த மனுஷன் அவர். சுண்ணாம்புப் பாறையோட சொரசொரப்பு கத்தி போன தடத்துலயே தெரியும். அவர் பிறந்த ஓர்னான் ஊருக்கு இந்த ஆத்துத் தண்ணிதான், ஆனா அந்தத் தண்ணி குகைக்குள்ள எங்கிருந்து வருதுன்னு அப்ப தெரியாது. 1901ல பொந்தார்லியே ஊர்ல அப்சிந்த் மதுபான ஃபாக்டரி தீப்பிடிச்சு, சரக்கெல்லாம் தூ நதியில கலந்து, அதோட வாசனை இந்தக் குகையில வந்தப்பதான் பூமிக்கடியில ரெண்டு நதிக்கும் தொடர்பு இருக்குன்னு விஷயம் வெளிய வந்துச்சு. கூர்பே 1877லயே செத்துட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாததாவே வரைஞ்சுட்டுப் போயிருக்கார், உள்ளதை உள்ளபடி வரையிற ரியலிசம்னா வேற என்ன?

இப்பல்லாம் எதுலயும் நிழல் இருக்கக்கூடாதுங்கிற வியாதி எல்லாருக்கும் வந்துடுச்சு. ராத்திரி போட்டோ எடுத்தா போனே பகலாக்கிடுது, சினிமாவுல ரெண்டு நிமிஷம் இருட்டா போனா ஒன்னும் தெரியலைன்னு சண்டைக்கு வர்றாங்க. உங்களை மட்டும் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது, ஆனாலும் காசு வாங்கிட்டு அவர் பேரைப் போட்டு விக்கிறது நீங்கதானே.

கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க. நான் கேக்குறது இவ்ளோதான்: இருட்டை இருட்டாவே அச்சடிங்க, ஓரத்தை வெட்டாதீங்க, வெட்டித்தான் ஆகணும்னா அதை விக்கிற பக்கத்துலயே எழுதிடுங்க. எனக்குப் பணம் திரும்ப வேணாம். ஒழுங்கா அச்சடிச்ச ஒரு பிரதி அனுப்பி வச்சா போதும்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர் ஒருத்தர்