கார்கில் அறிக்கையை யார் படித்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் உளவுத் துறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏதாவது தாக்குதல் நடந்தால் ‘உளவுத் துறை கோட்டை விட்டுவிட்டது’ என்பார்கள்; ஆள் பலத்தைக் கூட்டு, கேமராவைக் கூட்டு என்று முடிப்பார்கள். உங்கள் கட்டுரையாளரும் அதே வழியில்தான் போயிருக்கிறார். தகவல் கிடைக்காமல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். கிடைத்த தகவல் உரிய மேசைக்குப் போய்ச் சேராமல் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

கார்கிலையே எடுத்துக்கொள்வோம். 1999 ஜூலை 26-இல் போர் முடிந்தது. பாகிஸ்தானின் ஊடுருவல் எப்படி நடந்தது என்று ஆராய மூன்றே நாளில் கே.சுப்ரமணியம் தலைமையில் நால்வர் குழு அமைக்கப்பட்டது. அவர் திருச்சியில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, எல்லா உளவு அமைப்புகளின் தகவல்களையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். (வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்றால் இளைஞர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.) அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிக்கை தயார். 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, புத்தகமாகவும் வந்தது. ஆங்காங்கே ‘பாதுகாப்பு கருதி நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு வரிகள் காணாமல் போயிருக்கும். மிச்சமிருப்பதே போதுமான பாடம்.

அதில் ஓர் இடம். 1998 ஜூன் 2-ஆம் தேதி, எல்லைக்கு அப்பால் நடக்கும் சில நடமாட்டங்களைப் பற்றி உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இயக்குநர் தம் கையெழுத்திட்டே ஒரு குறிப்பு அனுப்புகிறார். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் என்று பெரிய இடங்களுக்கெல்லாம் அது போகிறது. ஆனால் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வின் செயலர், கூட்டு உளவுக் குழுத் தலைவர், ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர் என, அதை வைத்து மேற்கொண்டு துருவ வேண்டிய மூன்று பொறுப்புகளுக்கும் நேரடியாக அனுப்பப்படவில்லை. மேலிருந்து தானாகக் கீழே வந்துவிடும் என்று நினைத்ததாக ஐ.பி. இயக்குநர் குழுவிடம் சொல்லியிருக்கிறார். வரவில்லை. இதில் கூத்து என்னவென்றால், ‘ரா’ செயலரேதான் அப்போது கூட்டு உளவுக் குழுவையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு எத்தனை கேமரா வாங்கினாலும் என்ன பயன்?

இலங்கையிலும் இதே கதைதான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) குண்டுத் தாக்குதலுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே, இந்தியாவிலிருந்து போன எச்சரிக்கை அங்கே கையில் இருந்தது. ஆனால் அந்த ஆண்டே பாராளுமன்றத் தெரிவுக்குழு, தகவல் யார் யார் கைக்குப் போய் எங்கே நின்றது என்று விசாரித்து அறிக்கையை வெளியிட்டுவிட்டது. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவையே இழப்பீடு கட்டச் சொன்னது.

நான் கல்லூரியில் டிஃபன்ஸ் ஸ்டடீஸ் நடத்தியவன். உளவுத் தோல்வி என்ற பாடம் வந்தால் 1941-இல் ஜப்பான் திடீரென்று தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பரைத்தான் நடத்துவோம். அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை மட்டுமே 39 தொகுதிகளாக அச்சில் இருக்கிறது. அப்புறம், எகிப்தும் சிரியாவும் திடீரென்று தாக்கிய 1973 இஸ்ரேல். “சார், 1962 சீனப் போருக்கு நம்ம ஊர் அறிக்கை எதுவும் இல்லையா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963-இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதை இன்றுவரை அரசு வெளியிடவில்லை. அதில் உள்ளவை இன்றும் ராணுவத்துக்குப் பயன்படக்கூடியவை என்று 2010-இல் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி. அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் சொன்ன பதில் அது! 2014-இல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர். அதனால் நாட்டுக்கு என்ன கேடு வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஐ.பி.க்கும் ‘ரா’வுக்கும் விலக்கு தருகிறது, ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டும் விதிவிலக்கு. நடப்பு வேலைக்கு அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் போர் ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டுகளில் திறக்கப்பட வேண்டும் என்று 2021-இல் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை வகுத்தது. அந்தக் கணக்கில் கார்கில் கோப்புகளுக்கு 2024-லேயே கெடு முடிந்துவிட்டது. எவை திறந்தன, எவை இன்னும் பூட்டியே இருக்கின்றன என்று உங்கள் டெல்லி நிருபரை விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திருச்சி.