எல்லையோர ஐடிஐ ஆசிரியர்களுக்கு ஒரு வயர்மேன் எழுதுவது

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலும் சுற்றுவட்டாரத்திலும் எலக்ட்ரீஷியன், வயர்மேன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 25 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். ஐடிஐ முடித்த பையன்கள் என்னிடம் ஹெல்பராக வருகிறார்கள். நல்ல பையன்கள்தான். பைப் வளைப்பதிலும் சுவிட்ச் போர்டு கனெக்‌ஷன் கொடுப்பதிலும் கை சுத்தம். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் என்று கேட்டவுடன் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால்தான் தலையைச் சொறிகிறார்கள்.

போன ஏப்ரலில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் மோட்டார் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஐடிஐயில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்த பையனை முன்னால் விட்டேன். மீட்டரை எடுத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தான். 232 வோல்ட். "சப்ளை சரியா இருக்குங்கண்ணா" என்றான். பெட்டியில் டெஸ்டரை வைக்கச் சொன்னேன், பளிச்சென்று எரிந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழியைப் பார்த்தேன்.

எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். கேரளம் முழுக்க மழை கொட்டும்போதும் கிழக்குச் சித்தூர் மழை மறைவில் கொஞ்சம்தான் நனையும். அந்தக் குழியில் கரியும் உப்பும் போட்டு எத்தனை வருடமோ, மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது. எர்த்தின் ரெசிஸ்டன்ஸை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தால் 150 ஓம். சரி, மண்ணுக்குள் எவ்வளவு கரண்ட் போகும் என்று பார்க்க 230 வோல்ட்டை 150-ஆல் வகுக்கச் சொன்னேன். ஒன்றரை ஆம்பியர். கரண்ட் அளவு மிஞ்சினால் தானே தட்டி சப்ளையை நிறுத்தும் 16 ஆம்பியர் எம்சிபி இதற்கெல்லாம் அசையுமா? மோட்டாருக்குள் வயர் பாடியில் பட்டுக்கொண்டிருக்கிறது, எம்சிபி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் பெட்டியில் காத்துக்கொண்டிருக்கிறது. நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் ஓம் இறங்கும், ஆனால் எம்சிபி தட்டும் அளவுக்கு இறங்காது. அதற்குத்தான் கசிகிற கரண்டைக் கண்டு சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தட்டிவிடும்.

அந்தப் பையன் எர்த்திங்குக்கு இங்கிலீஷ் டெஃபனிஷனைத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். நான் தமிழில் ஐந்து நிமிடம் சொன்னதும், "இதானுங்களாண்ணா அது!" என்றான். இரண்டு வருடம் படித்த பாடம் அவனுக்கு அங்கேதான் புரிந்தது.

அவனிடம் அப்புறம் விசாரித்தேன். எந்த ஐடிஐ என்பது வேண்டாம். வகுப்பு மலையாளத்தில், நோட்ஸ் இங்கிலீஷில். பத்தாவது வரை அவன் தமிழ் மீடியம். பேச்சு மலையாளம் எங்கள் பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை. 'குழியில் வெள்ளம் ஒழிக்கணும்' என்றால் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள் என்று தெரியும், பொள்ளாச்சியிலிருந்து வருபவன்தான் முழிப்பான். சிக்கல் பாட மலையாளத்தில். பள்ளியில் அவன் படித்தது மின்தடை. வகுப்பில் கேட்டது 'பிரதிரோதம்'. நோட்டில் இருப்பது ரெசிஸ்டன்ஸ். மூன்றும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. தமிழில் கேட்டால் பின் பெஞ்சு சிரிக்குமாம். தியரித் தேர்வு கம்ப்யூட்டரில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதானே, கேள்விகளை மனப்பாடம் செய்து தேறிவிட்டான்.

உங்களை மலையாளத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. கேரளத்தில் வேலை பார்க்கப் போகிறவனுக்கு அது வேண்டும். ஆனால் ஃபால்ட் தேடுவது யோசிக்கிற வேலை, யோசிப்பது அவனவன் பாஷையில்தான் நடக்கும். சென்னை கிண்டியில் நிமி என்கிற தேசியப் பயிற்றூடக நிறுவனம் இருக்கிறது, 1986-இல் தொடங்கியது. நாடு முழுக்க ஐடிஐகளுக்குப் பாடப் புத்தகம் போடுவது அவர்கள்தான். தமிழிலும் போடுகிறார்கள். கோயம்புத்தூர் பையன் கையில் இருக்கும் புத்தகம் வாளையாறு தாண்டி வர என்ன தடை? நூலகத்துக்கு நாலு பிரதி வாங்கி வைத்தால் போதும். கேரளத் தமிழர் அரசாங்கத்துக்கே தமிழில் கடிதம் எழுத 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் உரிமை கொடுத்தது. வகுப்பில் ஒரு சந்தேகத்தைத் தமிழில் கேட்கக் கூடாதா?

தமிழ் தெரியாத ஆசிரியர்கள் இருப்பீர்கள். மூத்த பையன் ஒருவனை விட்டு முதல் வாரத்திலேயே சுவரில் ஒரு சார்ட் ஒட்டச் சொல்லுங்கள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ், கூடவே நாங்கள் வேலையில் சொல்கிற சொல். அதோடு ஏப்ரலில் ஒருநாள் பிள்ளைகளை வெயிலில் கூட்டிப்போய்க் காய்ந்த எர்த் குழி ஒன்றை அளக்க வையுங்கள், ஜூலையில் அதே குழியை இன்னொரு முறை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவன் மறக்க மாட்டான்.

என் ஷெட்டில் எரிந்த மோட்டார் மூன்று, கழித்துப் போட்ட ஸ்டார்ட்டர் ஏழெட்டு கிடக்கின்றன. சொல்லிவிட்டால் ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறேன். எதில் என்ன ஃபால்ட் என்று சீட்டு எழுதி ஒட்ட மாட்டேன், அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயர்மேன் ஒருவன்