பந்தலுக்கு முந்தின ஒன்பது நாள்: சேகர மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களின், அதாவது ஓர் ஐயரின் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதிகளின், ஐயர்மாருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

பரிசுத்த ஆவி சீஷர்கள்மேல் அக்கினி நாவுகளாக இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே பண்டிகை 2027-இல் மே 16 அன்று வருகிறது. அக்கினி நட்சத்திர வெயில், பள்ளி விடுமுறை, கல்யாணங்கள், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடித்த களைப்பு எல்லாம் சேர்ந்து வரும் நேரம். கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் ஒதுக்கும் நம் சபைகள் பல, இந்தப் பண்டிகையை ஒரே ஞாயிறு ஆராதனையோடு முடித்துக்கொள்கின்றன. வேறு சில சபைகள் வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்து, பந்தல் போட்டு, மூன்று நாள் கூட்டம் நடத்துகின்றன. திங்கட்கிழமை பந்தலைப் பிரிக்கும்போதே அனலும் அடங்கிவிடுகிறது. பந்தல் செலவைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின ஒன்பது நாளைச் சபைக்குத் தாருங்கள்.

இயேசு பரலோகத்துக்கு ஏறிய பரமேறுதல் நாள் மே 6, வியாழன். மறுநாள் வெள்ளி தொடங்கி 15-ஆம் தேதி சனி வரை அந்த ஒன்பது நாள். சீஷர்கள் எருசலேமை விட்டுப் போகாமல் காத்திருந்த நாட்கள் இவை. அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்து அக்கினியை ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்த, பெண்களும் சேர்ந்து ஒருமனப்பட்டு ஜெபித்த முதலாம் அதிகாரத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம்.

தெருவுக்கு ஒரு வீடு போதும். இரவு ஏழரைக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடியட்டும். ஒரு வீட்டில் 12 முதல் 15 பேர். அதற்கு மேல் சேர்ந்தால் கூச்சமுள்ளவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், உடனே இரண்டு வீடாகப் பிரித்துவிடுங்கள். ஒரு சங்கீதம், ஒரு வாசிப்பு, பிறகு மௌனம், பிறகு ஜெபம். மௌனம்தான் நம்மவர்களுக்குப் பழக்கமில்லாதது. முதல் நாளே பத்து நிமிடம் என்றால் இருமலும் செல்போனும்தான் கேட்கும். இரண்டு நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். ஒன்பதாம் நாள் தானாகப் பத்து வந்துவிடும். ஜெபம் ஆளுக்கு ஒரு நிமிடம். நன்றாக ஜெபிக்கத் தெரிந்த ஒருவரே பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், மறுநாள் நாலு பேர் குறைந்திருப்பார்கள். உபசரிப்பு சுக்குக்காப்பியோடு நிற்கட்டும். மூன்றாம் நாள் யாராவது வடை போட்டால், ஐந்தாம் நாள் வீடு தர இருந்தவர்கள் வசதியில்லை என்று பின்வாங்குவார்கள். சனிக்கிழமை முழு இரவு ஜெபம் வேண்டாம். ஞாயிறு காலை பிரசங்கத்தில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.

"இதெல்லாம் பெந்தெகொஸ்தே சபைக்காரர் வழி, நம் முறையல்ல" என்று சிலர் சொல்லக்கூடும். பெந்தெகொஸ்தே சபைகள் உலகெங்கும் பரவ வழிசெய்த, லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெரு எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) 1906-இல். அதற்கு 46 ஆண்டு முன்னதாக, 1860-இல், பாளையங்கோட்டையில் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்ற தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் பற்றிக்கொண்டது. திருநெல்வேலிச் சபைகளுக்கும் பரவியது. அந்த அனல் நம் மண்ணிலேயே கனன்றது, ஐயா.

பெந்தெகொஸ்தே ஞாயிறு வாசிப்பான அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்துக்கு வருவோம். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் என்று தொடங்கும் ஊர்ப்பெயர் வரிசையில், ஆராதனை தொடங்கும்போது சீட்டு வாங்கியவர் கப்பத்தோக்கியாவில் தடுக்கி, பம்பிலியாவில் விழுந்துவிடுவார். ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்து, சனிக்கிழமை ஒருமுறை உரக்க வாசிக்க வையுங்கள். பல மொழியில் வாசிப்பது நல்ல வழக்கம். ஆனால் ஆளுக்கொரு மைக் கொடுத்தால் ஒரு சொல்லும் விளங்காது. நான்காம் வசனம் வரை ஒருவர் தமிழில் வாசித்து நிறுத்தட்டும். கோயிலின் நாலு மூலையிலும் நிற்பவர்கள் மைக் இல்லாமல், மூன்று விநாடி இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக மலையாளம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எனத் தொடங்கட்டும். அருகில் இருப்பவருக்கு அந்த மொழி தெளிவாகக் கேட்கும், மற்றவை இரைச்சலாக வந்து சேரும். அன்று எருசலேமில் நின்றவர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்டிருக்கும். நாற்பது விநாடியில் ஒரு மணியடி. எல்லோரும் நிறுத்தவேண்டும். அந்த அமைதி அடங்கிய பிறகே தமிழ் வாசகர் ஐந்தாம் வசனத்தைத் தொடங்கலாம்.

மின்விசிறிக்குக் கீழே மெழுகுவர்த்தி நிற்காது. ஆழமான அகல் வையுங்கள்.

காலையில் நம் கோயிலும் மாலையில் வேறு ஜெபவீடுமாகப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். உபதேச வேறுபாட்டை ஆராய்ந்து அவர்கள் போவதில்லை. அங்கே யாரோ ஒருவர் பெயரைக் கேட்டு, தலையில் கைவைத்து ஜெபிக்கிறார், அவ்வளவுதான். திருவிருந்து முடிந்ததும் பக்கவாட்டுக் கதவருகே ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு ஜோடிகளை நிறுத்துங்கள். பெயர், காரியம், இரண்டு நிமிட ஜெபம். புத்திமதி சொல்லவே கூடாது. கேட்டதை வெளியே சொல்லாதவர்களாகப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். ஒரு காரியம் வெளியே போனால் அந்த மூலைக்குப் பிறகு ஒருவரும் வரமாட்டார்கள். அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் பேசும், கேட்பவருக்கு விளங்காத மொழி) பேசுகிறவர்களைக் கண்டு பயப்படவும் வேண்டாம், பேசாதவர்களைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். சபையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய வரம்பு போதும்.

கடைசியாகக் காணிக்கை. பெந்தெகொஸ்தே யூதருக்குக் கோதுமை அறுப்பின் முதற்பலன் பண்டிகை. புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்களைக் கர்த்தருக்குப் படைத்தார்கள். அந்த நாளில் சபையில் சேர்ந்த ஏறக்குறைய மூவாயிரம் பேரும் அவனவன் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்துகொண்டதாக அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரம் முடிகிறது. நமக்கோ ஜூனில் பள்ளி திறக்கிறது. மே 16 காணிக்கையைக் கட்டட நிதியில் சேர்க்காமல், சபைப் பிள்ளைகளுக்கும் கோயில் தெருப் பிள்ளைகளுக்கும் கட்டணமாகவும் நோட்டுப்புத்தகமாகவும் கொடுக்கத் தீர்மானியுங்கள். பட்டியலை அந்த ஒன்பது நாள் வீட்டு ஜெபங்களே தந்துவிடும். எந்த வீட்டில் என்ன நெருக்கடி என்பது அங்கேதான் வெளிவரும்.

ஈஸ்டர் மார்ச் 28. இதற்கான தீர்மானம் அதற்கு முந்தின மன்றக் கூட்டத்திலேயே வந்தால்தான் வீடுகளைக் கேட்டு ஒழுங்கு செய்ய முடியும். பீரோவில் இருக்கும், பெந்தெகொஸ்தேக்கு விரிக்கும் சிவப்புப் பீடத்துணியையும் அப்போதே வெளியே எடுத்துப் பாருங்கள். மடிப்பில் வெளுத்திருந்தால் புதிது தைக்க நாள் வேண்டும்.

இப்படிக்கு,
சபைகளின் ஆராதனைக் குழுவினர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்